அக்காவின் கொழுக்கியும் என் கொழுக்கியும்

அக்கா ஒரு தாளைக் கொழுக்கியில் கொழுவிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்த அந்தக் கணத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கிற அச்சகத்தில், எழுத்து அடிக்கிற அக்காவின் மேசைக்கு நேர் மேலே, கூரையின் தீராந்தி மரத்தில் இருந்து ஒரு இரும்புக் கொழுக்கி தொங்கும். வாழைக்குலை தூக்குகிற சாதி. அச்சுக்குப் போகவேண்டிய தாள் எதுவானாலும் முதலில் அதில்தான் ஏறும். அன்று அதில் ஏறியது ஒரு மரண அறிவித்தல். உள்ளே இருந்து வந்த முதலாளி அண்ணை அதை எட்டிப் பார்த்து ஓர் ஊர்ப்பெயரில் குறில் நெடில் திருத்திவிட்டுப் போனார். பிறகு அச்சு இயந்திரத்தில் நிற்கிற அண்ணா வந்து கழற்றிக்கொண்டு போனார். இயந்திரத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அதற்குள் போன தாள் மாறிவிட்டிருந்தது. நான் கதிரையில் இருந்து துள்ளி எழுந்தேன்.

"என்னடி பிள்ளை, பல்லி விழுந்திட்டுதோ?" என்றார் அக்கா.

"இல்லை அக்கா. ஹூக் எண்டால் கொழுக்கி!"

"இதுக்கோ இவ்வளவு காலம் கம்பஸிலை இருந்தனி? என்னட்டைக் கேட்டிருந்தால் ஒரு பிளேன்ரீக்குச் சொல்லித் தந்திருப்பனே."

வவுனியாவில் கணினிப் படிப்பை முடித்துவிட்டு, புளியங்குளத்தில் இருந்து பஸ் ஏறி வந்து போய்க்கொண்டிருந்த ஆரம்ப நாட்கள் அவை. அச்சகத்தின் இணையத்தளத்தைப் புதிதாக்குவது என் வேலை. எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் வெளிநாட்டில் உள்ள சொந்தங்கள் முதலில் திறந்து பார்ப்பது அந்தத் தளத்தையும் அதன் முகநூல் பக்கத்தையும்தான். தளம் ஓர் உள்ளடக்க முகாமை முறைமையின் மேல் நின்றது. சுருக்கமாகச் சொன்னால் அது வேறு யாரோ கட்டி முடித்துத் தந்த வீடு. எழுத்துக்கும் படத்துக்கும் பக்கத்துக்கும் அறைகள் இருக்கும். நமக்கு வேண்டிய வசதி இல்லையென்றால் சுவரை உடைக்கக்கூடாது. கட்டியவர்கள் புதுப் பதிப்பு அனுப்பும்போது நாம் உடைத்ததும் ஒட்டியதும் எல்லாம் போய்விடும். ஆகவே 'மொடியூல்' என்று ஒரு துண்டு நிரலை நாமே எழுதி, அந்த முறைமை அங்கங்கே விட்டுவைத்திருக்கிற ஹூக்குகளில் மாட்டிவிடவேண்டும். இதை எத்தனையோ முறை வாசித்தும் எனக்கு விளங்கவில்லை. கொழுக்கியைப் பார்த்ததும் விளங்கிற்று. முறைமை தன் வேலையைச் செய்துகொண்டு போகும்போது சில இடங்களில் ஒரு கணம் நின்று, 'இதைச் சேமிக்கப்போகிறேன், யாருக்காவது ஏதாவது செய்ய இருக்கிறதா?' என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிற மாதிரிப் பெயர் வைத்து ஒரு நிரலை எழுதினால் போதும், அது நம் கையில் ஒருதரம் கொடுத்துவிட்டுத்தான் மேலே போகும். என் மொடியூலுக்கு அன்றைக்கே 'கொழுக்கி' என்று பெயர் வைத்தேன்.

தாள் கொழுக்கியில் தொங்கிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் அக்கா என்ன செய்தார் என்பதும் என் கண்முன்னால்தான் நடந்தது. அவர் செத்தவீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அறிவித்தலை முதல் எழுத்தில் இருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் வாசித்துக் காட்டினார். எப்போதும் அப்படித்தான். நான் அதை வேலையின் ஒரு பகுதியாக எண்ணவில்லை. அக்காவின் கதைக்கிற ஆசை என்று நினைத்தேன்.

கதைக்கிற ஆசை அவருக்கு உண்டுதான். எங்கள் பக்கத்தில் கொழுவுவது என்றால் ஒன்றை மாட்டிவைப்பது. ஆளோடு ஆள் சண்டைக்கு நிற்பதும் கொழுவுவதுதான். அக்கா இரண்டிலும் கெட்டிக்காரி. ஒருமுறை ஒரு மனிதர் தகப்பனின் அறிவித்தலைக் கொண்டுவந்தார். வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாகக் கலியாணம் கட்டிப்போன தங்கையின் பெயர் அதில் இல்லை. அக்கா அந்த ஊரை அறிந்தவர். "செத்தவர் உங்களுக்கு மட்டுமோ அப்பா? அவாவின்ரை பேரையும் போட்டால்தான் இஞ்ச மெசின் ஓடும். இல்லாட்டிக் கிளிநொச்சிக்குப் போங்கோ, அங்கை கன பிரஸ் கிடக்கு" என்றார். முதலாளி அண்ணை காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் மறைந்து நின்று தலையில் கை வைத்ததை நான் பார்த்தேன். அந்த மனிதர் வெளியே போய்ச் சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, தங்கையின் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தார்.

எங்கள் அறிவித்தல்களின் வசனம் ஒரே அச்சில் வார்த்தது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னாரின் மகள், காலஞ்சென்ற இன்னாரின் மனைவி, இன்னின்னாரின் தாய், காலஞ்சென்ற இன்னாரின் சகோதரி. பெயருக்கு முன்னால் அந்த ஒரு சொல் இருந்தால் ஆள் இல்லை. இல்லாவிட்டால் இருக்கிறார். அக்கா அந்தச் சொல்லை அடித்து அடித்து அலுத்துப்போயிருந்தார். "காலஞ்சென்ற, காலஞ்சென்ற, காலஞ்சென்ற. கடைசியிலை என்ரை விரல்தான் காலஞ்சென்றிடும் போல கிடக்கு. உன்ரை கொழுக்கியை வைச்சு இதுக்கு ஒரு வழி பாரடி" என்றார். இதைவிட என்ன வேண்டும் எனக்கு? உறவினர் ஒவ்வொருவருக்கும் பெயர், உறவுமுறை, பக்கத்தில் இரண்டு கட்டங்கள் என்று ஒரு படிவம் செய்தேன். ஒன்று 'இருக்கிறார்', மற்றது 'காலமானார்'. அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "செத்தவைக்கு ஏனடி சரி போடுவான்? இருக்கிறவைக்கு மட்டும் போடுவம். மிச்சத்துக்கு அந்தச் சொல்லுத் தன்பாட்டிலை வந்து விழட்டும்."

எனக்கும் அது அழகாகப் பட்டது. இரண்டு கட்டம் ஒன்றாயிற்று. சேமிப்பதற்கு முந்திய கொழுக்கியில் ஒரு நிபந்தனை மாட்டினேன்: 'இருக்கிறார்' கட்டத்தில் சரி இல்லையென்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' சேர். சேமித்ததற்குப் பிந்திய கொழுக்கியில் இன்னொன்று: அறிவித்தலை உடனே முகநூல் பக்கத்துக்கு அனுப்பு, முன்பே போயிருந்தால் அதையே திருத்து. வெளியே தெரியாத ஒரு சோதனைத் தளத்தில் எங்கள் பெயர்களையே போட்டுப் பார்த்தோம். முதலாளி அண்ணைக்கு வேண்டுமென்றே சரி போடாமல் விட்டேன். திரையில் 'காலஞ்சென்ற' என்று அவர் பெயர் வந்து நிற்க, நானும் அக்காவும் மேசையில் விழுந்து சிரித்தோம். "எடி விசரியள், எனக்கு இன்னும் மத்தியானச் சாப்பாடே ஆகேல்லை" என்று அவர் உள்ளே இருந்து கத்தினார். அதற்குப் பிறகு தாளில் எடுத்துத் தொங்கவிடுகிற வழக்கம் மெல்ல நின்றது. திரையில் அடித்தோம், சேமித்தோம், ஊரும் உலகமும் பார்த்தது. கொழுக்கி சும்மா கிடந்ததால் நான் அதில் என் குடையைக் கொழுவத் தொடங்கினேன்.

அக்காவுக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும். அப்பா எப்போதோ காலமாகிவிட்டார். தங்கை கலியாணம் கட்டிச் செட்டிகுளத்தில் இருந்தார். தம்பி யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அக்காவும் தாயும் பரந்தனுக்கு உள்ளே வயற்கரையில் ஒரு வீட்டில் இருந்தார்கள். அந்த அம்மாவை நான் சில தடவைகள் பார்த்திருக்கிறேன். மகனுடைய படத்தை மட்டை போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, தேடுகிற தாய்மார் எங்கே கூடினாலும் பஸ் ஏறிப் போவார். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிகள் கிடைக்கும் என்று சொல்ல வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, பதில் கொடுக்காமல் அனுப்பினார். மகனைப் பற்றி யார் கதைத்தாலும் அவர்களுடைய வினைச்சொல்லைத்தான் கவனிப்பார். 'நல்லாய்ப் பாடின பெடியன்' என்று யாராவது சொன்னால், 'பாடுவான்' என்று திருத்துவார். பாடுவான் என்றால் முந்தி பாடிக்கொண்டு திரிந்தவனுக்கும் பொருந்தும், இனிமேல் பாடப்போகிறவனுக்கும் பொருந்தும். சொன்னவர் எந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டாலும் அம்மா எடுத்துக்கொண்ட பக்கம் ஒன்றுதான்.

அக்கா அம்மாவைப் போல இல்லை. அவர் தம்பியைப் பற்றி நல்லதாகவும் சொல்லமாட்டார், கெட்டதாகவும் சொல்லமாட்டார். எத்தனை பேர் பிறந்தீர்கள் என்று கேட்டால், "மூண்டு பேர்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். ஊரில் எல்லாரோடும் கொழுவுகிற அக்கா இந்த ஒரு விஷயத்தில் தன்னோடுகூடக் கொழுவாமல் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் காலை நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது அக்காவின் குரற்செய்தி வந்தது. "பிள்ளை, அம்மா விடியக் கண்ணை மூடீட்டா. அறிவித்தலை நீயே அடிச்சுப் போடு. அப்பாவுக்கு அந்தச் சொல்லு அடிக்கத் தேவையில்லை, அது தன்பாட்டிலை வரும்." அங்கே ஒரு மூச்சு. "தம்பிக்கு ஒண்டும் போடாதை, என்ன. அப்பிடியே விடு."

அச்சகத்துக்கு வந்து குடையைக் கொழுவிவிட்டு உட்கார்ந்தேன். அக்காவுக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான், அதைப் பிழையில்லாமல், ஒருவரும் காத்திராமல் செய்யவேண்டும் என்று நினைத்தேன். அக்காவுக்குச் சரி போட்டேன். தங்கைக்கு, தங்கையின் கணவருக்கு, பேரப்பிள்ளைக்குச் சரி போட்டேன். தம்பியின் பெயரை அடித்துவிட்டு, அக்கா சொன்னபடியே, ஒன்றும் போடாமல் விட்டேன். சேமித்தேன். சேமிக்கும் முன்னர் முன்னோட்டம் பார்த்தபோது 'காலஞ்சென்ற' என்ற சொல் எங்கேயும் இருக்கவில்லை. இருக்காது. என் கொழுக்கி விழிப்பது சேமிக்கிற கணத்தில்தான். ஒன்றும் போடாமல் விட்டவர்களுக்கு அது என்ன போடும் என்பதை உலகத்தில் இரண்டே பேர்தான் அறிவோம். ஒருவர் தாயின் உடலுக்குப் பக்கத்தில் இருந்தார். மற்றவள் பெருமையோடு பொத்தானை அமத்தினாள்.

முதலாளி அண்ணையும் நானும் ஓட்டோவில் செத்தவீட்டுக்குப் போனோம். படலையடியிலேயே பெண்களின் அழுகுரல் கேட்டது. அது தாய்க்கான அழுகை என்றுதான் நினைத்தேன். உள்ளே போனபோது, அம்மாவின் தலைமாட்டில் இருந்த சின்னம்மா ஒருவர், கையில் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்த தொலைபேசியோடு, "தாயும் மகனும் ஒண்டாய்ப் போட்டியளோ, என்ரை ராசா, உன்ரை செய்தியும் வந்திட்டுதோடா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் இருந்து அவருடைய மகன் அறிவித்தலைப் பார்த்துவிட்டு, அதை அனுப்பித் தொலைபேசியும் எடுத்திருக்கிறான். சுற்றி இருந்த பெண்கள், இத்தனை வருடங்களாக அந்த வீட்டில் அழ அனுமதி இல்லாதவர்கள், கதவு திறந்துவிட்டது போல அவன் பெயரைச் சொல்லி அழத் தொடங்கியிருந்தார்கள்.

அக்கா எழும்பினார். "சின்னம்மா, நிப்பாட்டுங்கோ. ஆர் சொன்னது உங்களுக்கு?"

"போட்டிருக்காம் பிள்ளை. உன்ரை பிரஸ்தானாம் போட்டது."

அக்கா அந்தத் தொலைபேசியை வாங்கி வாசித்தார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கில் வழி தவறியவர் முதல் வரியைத் தேடுகிற பார்வை அது. எங்கே பிழைத்தது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பெண்களின் பக்கம் திரும்பி, "அவனுக்கு இந்த வீட்டிலை ஒருத்தரும் அழேலாது. அம்மா அழவிட்டவாவோ? அவா இஞ்சதான் கிடக்கிறா, கேக்கும்" என்றார். குரல் உயரவில்லை. அழுகை நின்றது. அந்த நிசப்தத்தில் எல்லாரும் என்னைப் பார்ப்பதாக எனக்குப் பட்டது. உண்மையில் அங்கே பலருக்கு நான் யார் என்றே தெரியாது.

குசினிப் பக்கமாய் ஒதுங்கி என் தொலைபேசியில் தளத்தைத் திறந்து, தம்பியின் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லை அழித்துச் சேமித்தேன். திரும்பித் திறந்தேன். சொல் அங்கேயே இருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. கட்டத்தில் சரி இல்லாதவரை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் என் கொழுக்கி தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. மூன்றாம் முறையும் அழித்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"போகுதில்லையோ?"

"அக்கா... இருக்கிறார் எண்டு சரி போட்டால்தான் போகும். போடட்டோ?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே விளங்கியது. அம்மா எப்போதோ பதில் சொல்லிவிட்ட கேள்வி அது. உலகத்துக்கு வேறு பதில் இருந்தது. அக்கா மட்டும் இரண்டுக்கும் நடுவில், எதையும் சொல்லாமல், இவ்வளவு காலமும் வாழப் பழகியிருந்தார். அம்மாவின் உடல் கிடக்கிற வீட்டில், ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டி, ஆமா இல்லையா என்று நான் அவரைக் கேட்டுவிட்டேன். அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை என் கையில் இருந்து எடுத்து, தன் பெருவிரலால் தானே சரி போட்டார். சேமித்தார். சொல் போய்விட்டதா என்று பார்க்கவில்லை. அந்தச் சரியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அங்கே தண்ணீர் அள்ளுகிற சத்தமும் கேட்கவில்லை, அழுகிற சத்தமும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், மாங்குளம் தாண்டும்போது, எனக்கு நினைவு வந்தது. அந்த மொடியூலை நிறுத்தி வைத்திருக்கலாம். ஒரே ஒரு சொடுக்கு. அறிவித்தலையே கொஞ்ச நேரம் தளத்தில் இருந்து இறக்கி வைத்திருக்கலாம். அக்காவிடம் எதுவும் கேட்டிருக்கத் தேவையே இல்லை. முதலாம் வருட மாணவிக்கும் தெரிந்த விஷயம். நான் எழுதியதை நானே நிறுத்தலாம் என்பது மட்டும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அக்கா வேலைக்கு வந்தார். முதல் நாளே அவர் முன்னால் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்னரே, "சரி விடடி. கொம்பியூட்டருக்கு என்ன தெரியும்" என்றார்.

"கொம்பியூட்டர் இல்லை அக்கா. நான் எழுதினதைத்தான் அது செய்தது."

"எழுதச் சொன்னது நான்தானே. செத்தவைக்கு ஏன் சரி போடுவான் எண்டு கேட்டது ஆர்? அதை விடு. தேத்தண்ணிக்குச் சொல்லு."

ஓர் ஊர்ப்பெயரில் துணைக்கால் பிழைத்ததற்கு இயந்திரக்கார அண்ணாவை நாள் முழுக்க வறுத்தெடுத்தவர் அவர். என்னோடும் அப்படி ஒருதரம் கொழுவியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். அவரோ என் குற்றத்தில் பாதியை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டார். எனக்கென்று ஒன்றும் விடவில்லை. அந்த நாட்களில் அவர் வாடிக்கையாளர்களோடும் கொழுவவில்லை. கொண்டுவந்ததை வாங்கி, இருந்தபடியே அடித்துக் கொடுத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகமான அம்மாவின் கல்வெட்டைத் தானே அடித்து முடித்து, அந்தியேட்டியும் முடிந்ததும், தங்கையோடு இருக்கப்போகிறேன் என்று செட்டிகுளம் போனார். கதிரையில் வைத்திருந்த மெத்தையையும் தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டார். இடைக்கிடை தொலைபேசி எடுப்பார். அங்கே வயல் எப்படி, தங்கையின் மகள் என்ன சொன்னாள், முதலாளி இன்னும் ஒளித்துத்தான் நிற்கிறாரா. அந்தக் கதை மட்டும் வராது.

இப்போது அவருடைய மேசையில் நான் இருக்கிறேன். மொடியூலைத் திருத்தி எழுதிவிட்டேன். சரி இல்லாத கட்டத்தைக் கண்டு அது இனி எதுவும் சேர்க்காது. எந்த அறிவித்தலும் சேமித்தவுடன் வெளியே போகாது. 'வீட்டாருக்கு வாசித்துக் காட்டியாயிற்று' என்று ஓர் ஆள் சரி போடும்வரை தொங்கிக்கொண்டு நிற்கும். இவ்வளவும் கஷ்டமான வேலை இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மறந்துபோய் வெறுமையாக விட்ட கட்டத்துக்கும் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட கட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், நாளைக்கு என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து ஒரு வீட்டாரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பாள். ஆகவே மூன்றாவதாக ஒரு தெரிவு வேண்டும். அதற்கு என்ன பெயர் போடுவது? 'தெரியாது' என்று போட்டுப் பார்த்தேன். அம்மா இருந்தால் படத்தால் அடித்திருப்பார். 'காணாமல் போனவர்' என்று போட்டேன், அழித்தேன். எந்தச் சொல்லைப் போட்டாலும் அது ஒரு பதிலாகிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அக்கா அன்று போட்ட சரி இன்னும் தரவுத்தளத்தில் அப்படியே இருக்கிறது. தளத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. புது மொடியூலுக்கு அது தேவையும் இல்லை. எடுத்துவிட்டாலும் அறிவித்தலில் ஓர் எழுத்தும் மாறாது. ஆனால் அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. அது அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. அவர் விரும்பி விட்டுவைக்கிறாரா, என் அவசரத்தில் மாட்டிக்கொண்டு போட்டதா என்று அவர்தான் சொல்லவேண்டும்.

இன்று அந்தப் புதுப் படிவத்தைத் தாளில் அச்செடுத்தேன். மூன்றாவது கட்டத்துக்கு எதிரே பெயர் இல்லை. குடையைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, தாளைக் கொழுக்கியில் கொழுவினேன். முதலாளி அண்ணை போகிற வழியில் எட்டிப் பார்த்தார், ஒன்றும் திருத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வவுனியாவில் பஸ் மாறிச் செட்டிகுளம் போகப்போகிறேன். வருகிறேன் என்று அக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று வேறு கதைக்குப் போய்விடுவார். படலையில் நின்று, 'அக்கா, வாசிச்சுக் காட்ட வந்தனான்' என்று சொல்வேன். முதல் எழுத்தில் இருந்து அந்தப் பெயரில்லாத கட்டம் வரைக்கும் வாசிப்பேன். அதன் பிறகு அவர் என்னோடு கொழுவத் தொடங்கினால், பின்னேர பஸ்ஸை விட்டுவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.